வயிற்றால் அறியும் தரை

பாம்பின் உடல் நீளத்தில் தரையோடு படாத பகுதி மிகக் குறைவு. தலை முதல் வால் நுனி வரை அதன் அடிவயிறு முழுவதும் நிலத்தை ஒட்டியே கிடப்பதால், அந்த நிலத்தின் சூடும் குளிர்ச்சியும், ஈரமும் வறட்சியும், தூய்மையும் அழுக்கும் அதன் உடலை ஒரு கணமும் விட்டு விலகுவதில்லை. உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல் சுற்றுப்புறத்திலிருந்து பெறும் உயிரினங்களை விலங்கியலார் வெளிவெப்ப உயிரிகள் என்பர். அவ்வகையைச் சேர்ந்த பாம்புக்கு, விழுங்கிய இரை செரிப்பதும் நோயை உடல் எதிர்த்து நிற்பதும்கூடத் தான் கிடக்கும் இடத்தின் வெப்பத்தைப் பொறுத்தே அமைகின்றன. வெளிச்செவி இல்லாத அந்த உயிர், நிலத்தின் அதிர்வையும் கீழ்த்தாடை எலும்பின் வழியாக உட்செவிக்குக் கடத்தி உணர்கிறது. எனவே கூண்டின் அடியில் பரப்பப்படும் பொருளை, அதாவது விரிப்பை, அழகுக்கான அலங்காரமாகக் கருதுவது பெரும் பிழை. கூண்டுப் பாம்புக்கு அதுவே படுக்கை, அதுவே கழிப்பிடம், அது சுவாசிக்கும் காற்றின் ஈரத்தையும் மணத்தையும் முடிவு செய்வதும் அதுவே.

எந்தப் பாம்பின் கூண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். நாகம், சாரை, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு போன்ற நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். மண்ணுளிப் பாம்பு செல்வம் தரும் என்ற பொய்யை நம்பி அதை வாங்கி மறைத்து வைப்போருக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு இனங்களின் நிலை வேறு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் போல, அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இடம்பெற்ற இனங்கள், 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகள், அவற்றை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தின் வழியாகப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. 2023 ஏப்ரல் இறுதியில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் உடைமைகளில் 22 பாம்புகள் பிடிபட்ட நிகழ்வு, இந்த வணிகத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டியது. அவ்வாறு கடத்தப்பட்டு, காற்றும் நீரும் இன்றி வந்து சேரும் உயிர் எவ்வளவு நல்ல விரிப்பில் விடப்பட்டாலும் தேறுவது அரிது. ஆகவே இங்கு சொல்லப்படுவன யாவும் முறையான ஆவணத்தோடும் பதிவோடும் வளர்க்கப்படும் பாம்புகளுக்கு உரியவை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலத்தை உற்று நோக்குவோருக்கு, பாம்பு எத்தகைய தரையை விரும்புகிறது என்பது எளிதில் விளங்கும். கரிசல் மண் மழையில் ஊறி உப்பிக் கோடையில் சுருங்கி வெடிக்கும்போது உண்டாகும் ஆழமான பிளவுகள், எலி வளைகள், கரையான் புற்றுகள், காரை என்னும் ஊரைச் சுற்றி ஓடைகளால் அரிக்கப்பட்ட செம்மண் மேடுகளின் பொந்துகள் ஆகிய இவையே இங்குள்ள பாம்புகளின் இயல்பான இருப்பிடங்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும் நண்பகலிலும் புற்றின் உட்புறம் இருளும் ஈரமும் ஏறக்குறைய மாறாத வெப்பமும் கொண்டிருக்கும். தொலைவில் உள்ள மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தானும் இதே வகையான எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும்தான் பகலைக் கழிக்கிறது என்பதை அறியும்போது, கூண்டில் நாம் உண்டாக்க வேண்டியது காட்டின் தோற்றத்தை அன்று, புற்றின் உள்நிலையை என்பது புலப்படும்.

விரிப்பை வாங்கப் புறப்படுவோரின் கண்ணில் இப்பகுதியில் முதலில் படுவது வேளாண் கழிவு. மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் தமிழகத்தின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்றான பெரம்பலூரில், மணி உதிர்த்த பின் மிஞ்சும் சோளக்கதிர்ச் சக்கை களத்து மேடுகளில் குவிந்து கிடக்கிறது. அதை நொறுக்கிப் பறவைக் கூண்டுகளிலும் எலிக் கூண்டுகளிலும் பரப்பும் வழக்கம் உலகெங்கும் உண்டு. பாம்புக்கு அது ஏற்றதன்று. சக்கை நீரை விரைந்து உறிஞ்சுவதால் கூண்டின் காற்றை வறளச் செய்து சட்டை உரிப்பதைக் கெடுக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து அதே சக்கை ஈரமாகிவிட்டாலோ ஓரிரு நாளில் பூஞ்சணம் படர்ந்து, அதன் நுண்வித்துகள் பாம்பின் நுரையீரலை அடைகின்றன. இரையோடு சேர்ந்து விழுங்கப்படும் துண்டுகள் குடலில் ஊறிப் பருத்து அடைப்பை உண்டாக்குவது மூன்றாவது கேடு. இவற்றோடு இவ்வட்டாரத்துக்கே உரிய மற்றோர் ஆபத்தும் உண்டு: 2018இல் தமிழகத்துக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தைச் சூறையாடிய பிறகு, அப்பயிருக்குப் பூச்சிக்கொல்லி தெளிப்பது வழக்கமாகிவிட்டது. எந்த வயலில் எந்த மருந்து எப்போது அடிக்கப்பட்டது என்று தெரியாத கதிர்ச் சக்கையையோ தட்டையையோ, நாள் முழுவதும் அதன் மேல் ஊர்ந்து நாவால் துழாவும் உயிருக்குப் பரப்புவது முறையாகாது.

உமியும் கடலைப்பொட்டும் வைக்கோலும் இதே குறைகளை வெவ்வேறு அளவில் கொண்டவை. உமியின் கூரிய நுனிகள் வாயின் மெல்லிய தசையில் தைத்துப் புண்ணாக்கவும் கூடும். பருத்தி எடுத்த பின் மிஞ்சும் காய்ந்த தண்டான பருத்திமாரைப் பற்றிச் சொல்லத் தேவையே இல்லை.

மரத்தூளும் இழைப்புச் சுருளும் சற்று விரிவாக ஆராயத்தக்கவை. பாம்பின் நாக்கு காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் மணத்துகள்களை அள்ளி, மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்க்கிறது. மணத்தை உணரும் இந்தச் சிறப்பு உறுப்பே அதற்கு இரையையும் எதிரியையும் இணையையும் காட்டிக் கொடுக்கிறது. தேவதாரு போன்ற மரங்களின் வாசனைக்குக் காரணமான பீனால் வகை எண்ணெய்கள் இந்த உறுப்பை மழுங்கடிப்பதோடு மூச்சுக் குழாயையும் அரிக்கின்றன. உதரவிதானம் இல்லாத பாம்பால் மனிதரைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது என்பதால், மெல்லிய எரிச்சலும் நாளடைவில் நுரையீரல் அழற்சியாக முற்றிவிடுகிறது. பலவகை மரங்களை அறுக்கும் மரவாடியில் மூட்டை கட்டி விற்கும் தூளில் எதெது கலந்துள்ளது என்று விற்பவராலும் சொல்ல இயலாது. அரியலூர்ப் பகுதியில் தைல மரத் தோப்புகள் ஏராளம். அவற்றின் பட்டையும் சருகும் எளிதில் கிடைப்பனவே ஆயினும், நெடியுள்ள எண்ணெய் கொண்ட எதுவும் மூடிய கூண்டுக்குள் நுழையக் கூடாது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் கொட்டையின் ஓடும் இவ்வாறே விலக்கத்தக்கது. அதிலுள்ள எண்ணெய் மனிதர் கையையே பொத்துப்போகச் செய்யும்.

மணலைப் பலர் இயற்கையானது என்று நம்பித் தேர்ந்தெடுக்கின்றனர். மணலில் புதைந்து வாழும் கென்ய மணற்பாம்பு போன்ற சில இனங்களுக்கு அது பொருந்தும். ஈரக் காற்று வேண்டிய இனங்களுக்குப் பொருந்தாது. செல்லப்பிராணிக் கடைகளில் கால்சியம் மணல் என்ற பெயரில் வண்ணமேற்றி விற்கப்படுவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லின் வேதிப்பொருளே. அது குடலுக்குள் கரைந்து ஊட்டமாகிவிடும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. ஈரம் பட்டால் அது கட்டியாக இறுகுகிறது.

தவறான விரிப்பு என்ன செய்யும் என்பதை அறிய, கூண்டைத் திறந்து பாம்பின் அடிவயிற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நலமான பாம்பில் குறுக்காக அடுக்கப்பட்ட அகன்ற வயிற்றுச் செதில்கள் ஒரே சீரான நிறத்தோடு விளிம்பு தாழ்ந்து படிந்திருக்கும். சிறுநீர்ப் படிவு கலந்த ஈர விரிப்பில் சில நாள் கிடந்த பாம்பில், அந்தச் செதில்களின் அடியில் முதலில் இளஞ்சிவப்புத் திட்டு தோன்றும். அடுத்து நீர் கோத்த சிறு கொப்புளங்கள் எழும்பும். அதன் பின் செதில் பழுப்பேறி, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, அடியிலுள்ள தசை வெளிப்படும். செதில் அழுகல் எனப்படும் இந்நோயை உண்டாக்கும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற நுண்ணுயிரிகள் நீரிலும் மண்ணிலும் எங்கும் உள்ளவை. அவற்றுக்கு வாய்ப்பளிப்பது ஈரமும் அழுக்கும் ஒன்றுசேர்ந்த தரைதான். இந்த நிலையில் வீட்டு மருத்துவம் பார்ப்பது காலத்தை வீணாக்குவதாகும். பெரம்பலூர், அரியலூர் மக்களுக்குத் தலைவாசல், ஒரத்தநாடு, நாமக்கல் ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தொலைவில் இருக்கின்றன.

மற்றொரு பகை பாம்பு உண்ணி. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே நீளமுள்ள இந்தக் கருநிற ஒட்டுண்ணி, செதில்களின் இடுக்கிலும் கண் விளிம்பிலும் அமர்ந்து இரத்தத்தைக் குடித்துவிட்டு, முட்டையிடுவதற்காகப் பாம்பை விட்டு இறங்கி விரிப்பின் இருண்ட இடுக்குகளைத் தேடுகிறது. வெதுவெதுப்பான சூழலில் இரண்டு மூன்று வாரங்களில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். பாம்பு காரணமின்றி நாள் முழுவதும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்து, அந்தக் கிண்ணத்தின் அடியில் மிளகுப்பொடி தூவியது போன்ற புள்ளிகள் தெரிந்தால் ஐயமே வேண்டாம். மரத்துண்டு, பட்டை, சருகு என்று இடுக்கு மிகுந்த விரிப்பில் உண்ணியைக் கண்டுபிடிப்பதும் கடினம், ஒழிப்பதும் கடினம்.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கும்போது, தமிழ்நாட்டில் பாம்புகளைப் பொறுப்போடு அடைத்து வைக்கும் கலையில் மிகப் பழகிய கைகள் எவற்றைப் பயன்படுத்தின என்று நோக்குவது பயன்தரும். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1972ஆம் ஆண்டின் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையாலும் வாழ்வாதாரம் இழந்த இருளர் பழங்குடியினருக்கு, நஞ்சு முறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தரும் தொழிலை அளித்தது. அரசின் உரிமத்தோடு பிடிக்கப்படும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் ஏறக்குறைய நான்கு வாரம் வைக்கப்பட்டு, வாரத்துக்கு ஒரு முறை நஞ்சு எடுக்கப்பட்ட பின், மீண்டும் பிடிபட்டால் அடையாளம் காண்பதற்காக வயிற்றுச் செதிலில் சிறு வெட்டுக்குறி இடப்பட்டுக் காட்டில் விடப்படுகின்றன. இந்த நான்கு வாரமும் அவை இருப்பது கண்ணாடிப் பெட்டியில் அன்று. அடியில் மணலிட்டு, வாயைப் பருத்தித் துணியால் வேடு கட்டிய மண்பானையில்.

அந்தப் பானையின் அறிவியல் நுட்பமானது. சுட்ட களிமண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் மெல்லக் கசிந்து ஆவியாவதால் உட்புறம் குளிர்கிறது. பருத்தித் துணி காற்றை விடுகிறது, ஒளியைத் தடுக்கிறது. வளைந்த சுவர் பாம்பின் உடலை எல்லாப் பக்கமும் தொட்டு அணைப்பதால் அது அச்சம் தணிந்து சுருண்டு கிடக்கிறது. அடியில் உள்ள மணல் கழிவின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கரையான் புற்றின் குணங்களில் பல ஒரு குயவரின் சக்கரத்தில் பிறந்துவிடுகின்றன. பாம்பை அதன் வளையிலேயே கண்டு தேர்ந்த மக்களுக்கே இத்தகைய தேர்வு கைகூடும். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டபோது இத்தகைய அறிவுக்கு நாடு காலந்தாழ்த்தியேனும் மரியாதை செய்தது எனலாம். ஆயினும் பானை சில வாரங்களுக்கான ஏற்பாடு என்பதை மறக்கலாகாது. எந்த நுண்துளைகள் குளிர்ச்சி தருகின்றனவோ அவையே கழிவையும் உறிஞ்சி வைத்துக்கொள்வதால் பானையை முற்றாகத் தூய்மை செய்ய இயலாது. ஆண்டுக்கணக்கில் வாழும் வளர்ப்புப் பாம்புக்கு உடல் நீட்டவும் வெப்பம் மாறிமாறிப் பெறவும் இடம் வேண்டும். வீட்டுக் கூண்டுக்குப் பானையிடமிருந்து பெறத்தக்கது மறைவிடம்: விளிம்பை வழவழப்பாகத் தேய்த்து, நுழைவாயில் வெட்டிக் கவிழ்த்த சிறு சட்டி, கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகையைவிட மேலானது, அழுக்கேறினால் உடைத்துப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கவும் பெருஞ்செலவு ஆகாது.

தரைக்கு வருவோம். புதிதாக வந்த பாம்புக்கும், நோயுற்ற பாம்புக்கும், உண்ணி கண்ட பாம்புக்கும் பழைய செய்தித்தாளே முதல் தேர்வு என்பதில் அனுபவமுள்ள வளர்ப்பாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நான்கைந்து தாள்களை அடுக்கி விரித்தால் ஈரத்தை உறிஞ்சும். எச்சத்தின் நிறமும் இளகலும் அப்படியே தெரியும். உண்ணி ஓடினால் கண்ணில் படும். சுருட்டி எறிந்துவிட்டு இரண்டு நிமிடத்தில் புதுத் தாள் விரிக்கலாம். அச்சிடாத வெள்ளைத் தாள் கிடைத்தால் இன்னும் நன்று. பார்வைக்கு வறியதாகத் தோன்றும் என்பதைத் தவிர அதற்குள்ள உண்மையான குறை, ஈரத்தைப் பிடித்து வைக்காததும் பாம்பு புதைந்து ஒளிய இடமளிக்காததுமே. கார்ன் ஸ்னேக் போன்ற, 40 முதல் 60 விழுக்காடு காற்று ஈரப்பதத்தில் நலமாக வாழும் இனங்களுக்கு இக்குறை பெரிதன்று. ஒன்றுக்கு இரண்டு மறைவிடம் வைத்தால் போதும்.

பால் பைத்தானுக்கு 60 முதல் 80 விழுக்காடு வரை ஈரப்பதம் தேவைப்படுவதால், அதன் நிலையான இருப்பிடத்துக்குத் தென்னை நார்க்கழிவு, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து கயிற்று நார் பிரித்த பின் உதிரும் பழுப்புத் தூள், மிகப் பொருத்தமானது. தமிழ்நாட்டில் ஏராளமாக உண்டாகும் இந்தப் பொருள் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் காயர் பித் என்ற பெயரில் நாற்றங்கால் கடைகள்தோறும் கிடைக்கிறது. ஆனால் உவர்நீரில் மட்டையை ஊறவைத்து எடுத்த தூளில் உப்பு மிகுந்திருக்கும் என்பதால், கழுவப்பட்டது, உப்பு குறைந்தது என்று குறிப்பிட்டதையே வாங்கி, வீட்டிலும் நல்ல நீரில் இருமுறை அலசிப் பிழிவது நல்லது. உரம் கலந்து தொட்டிச் செடிக்கென விற்கப்படுவதைத் தொடவே கூடாது. ஈரத்தின் அளவை அறியக் கருவி தேவையில்லை: ஒரு பிடி தூளை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. முழுவதும் உலர்ந்த தூள் புழுதியாகப் பறந்து மூக்கை அடைக்கும். கசியும் தூள் முன்பு சொன்ன செதில் அழுகலுக்கு வழி திறக்கும். இரை கொடுக்கும்போது மட்டும் ஒரு தட்டையோ தாளையோ இட்டு அதன் மேல் கொடுத்தால், தூள் ஒட்டிய எலியைப் பாம்பு விழுங்க நேராது.

எந்த விரிப்பானாலும் பருவம் அதை மாற்றிவிடும் என்பதை நூல்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. குளிர்நாட்டு வளர்ப்பாளர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் வறண்ட வெப்பமூட்டிய அறைகளை மனத்தில் கொண்டவை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலோ பங்குனி முதல் ஆனி வரை காற்று தீய்க்கிறது; விரிப்பின் ஒரு மூலையில் மட்டும் அன்றாடம் நீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நிலை தலைகீழாகிறது: அதே நார்க்கழிவு தெளிக்காமலே ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் விரிப்பின் கனத்தைப் பாதியாகக் குறைத்து, காற்றுத் துளைகளைக் கூட்டி, தேவையானால் தாளுக்கே மாறிவிடுவது அறிவுடைமை.

தூய்மை செய்வதில் நம் வீடுகளின் பழக்கம் ஒன்று கொடிய தீங்கு விளைவிக்கிறது. தரையைக் கழுவப் பினாயிலும், பூச்சி அண்டாமலிருக்கப் பாச்சை உருண்டையும் பயன்படுத்துவது இங்கு இயல்பு. இரண்டும் பாம்புக்கு நஞ்சு. எச்சத்தையும், பாம்பின் சிறுநீர் கெட்டிப்பட்டுச் சுண்ணாம்புத் துண்டு போலக் கிடக்கும் வெண்ணிறப் படிவையும் கண்டவுடன் சுற்றியுள்ள விரிப்போடு அள்ளிவிட வேண்டும். ஏறக்குறைய மாதம் ஒரு முறை விரிப்பு முழுவதையும் அகற்றி, பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றிய பின், கூண்டைச் சோப்பு நீரால் தேய்த்து, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஏறக்குறைய 30 பங்கு நீர் சேர்த்த கரைசலைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, நெடி முற்றும் அகலும் வரை வெயிலில் காய வைக்க வேண்டும். வெயில் இப்பகுதிக்குக் குறைவில்லாத செல்வம்.

பாம்பே வளர்க்காதவர்களுக்கும் இந்த ஆய்வில் ஒரு பயன் உண்டு. இருள், ஈரம், இடுக்கு, எலி என்று பாம்பை ஈர்க்கும் யாவும் வீட்டுச் சுவரோரம் அடுக்கிய பருத்திமார்க் கட்டிலும், மாதக்கணக்கில் அசைக்காத வைக்கோல் போரின் அடியிலும், சோளச் சக்கைக் குவியலிலும் ஒருங்கே அமைந்துள்ளன. கூண்டுக்குள் பரப்பத் தகாத அந்தப் பொருள்கள் முற்றத்தில் கிடந்தால் நாகத்துக்கும் விரியனுக்கும் நாமே விரித்த படுக்கையாகின்றன. அடுப்பெரிக்க வேண்டிய மாரை வீட்டிலிருந்து விலக்கி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கட்டைகளின் மேல் அடுக்குவதும், எடுக்கப் போகும்போது முதலில் கோலால் தட்டுவதும் உயிர் காக்கும் பழக்கங்கள். உள்ளே புகுந்துவிட்ட பாம்பை அடிக்க முனைவதைவிடத் தீயணைப்பு மீட்புத் துறையினருக்கோ வனத்துறையினருக்கோ தெரிவிப்பதே முறை.

அகற்றிய விரிப்பை எங்கே கொட்டுவது என்பதும் சிறிய கேள்வி அன்று. நலமான பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும்; அது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கடும் வயிற்றுப்போக்கைத் தரவல்லது. விரிப்பைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், கூண்டையும் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதிருப்பதும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இந்த வேலையில் சேர்க்காதிருப்பதும் கட்டாயம். கோழி கிளறும் குப்பைமேட்டிலோ வயலோரத்திலோ கொட்டினால், வெளிநாட்டுப் பாம்பின் உண்ணியும் பூஞ்சை நோயும் வரப்பிலுள்ள சாரைக்கும் நாகத்துக்கும் பரவ வழியுண்டு. ஆதலால் பழைய விரிப்பை இறுகக் கட்டிய பையில் அடைத்துக் குப்பை வண்டியில் சேர்ப்பதோ, கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பதோ செய்ய வேண்டும்.